கலாசாலைகளில் வலையமைப்புக் கல்வி

“நெட்வொர்க் இல்லை” என்ற இரண்டு சொற்களைக் கேட்டறியாத குடியானவன் இன்று தமிழ்நாட்டில் இருப்பது அரிது. பாங்கியில் பணம் எடுக்கப் போனவனுக்கும், ரேஷன் கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்க நிற்கும் கிழவிக்கும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பத்திரம் பதிய வந்தவனுக்கும் இந்தப் பதில் கிடைப்பதுண்டு. மழை பொய்த்தால் எவரையும் நோவதற்கில்லை. ஆனால் நெட்வொர்க் வானத்திலிருந்து இறங்குவதன்று. மனிதன் திட்டமிட்டு அமைப்பது, மனிதன் நிர்வகிப்பது. அது கெட்டால் அதற்கு ஒரு காரணம் உண்டு. காரணத்தைக் கண்டு திருத்த வேண்டிய ஆளும் உண்டு. அந்த ஆளை நமது கலாசாலைகள் சரியாகத் தயார் செய்கின்றனவா என்பதே நாம் இன்று எழுப்பும் கேள்வி.

கணினி வலையமைப்பின் தத்துவம் கடினமானதன்று. அனுப்ப வேண்டிய செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அனுப்புவோர், பெறுவோர் விலாசங்கள் எண்களாகப் பொறிக்கப்படுகின்றன. வழியிலுள்ள ரௌட்டர் என்னும் கருவிகள் விலாசத்தைப் பார்த்து, எந்தப் பாதையில் அனுப்புவதெனத் தீர்மானிக்கின்றன. தத்துவம் எளிது என்பதால் வேலையும் எளிது என்று எண்ணிவிடலாகாது. ஏரியும் கால்வாயும் வெட்டிய நம் முன்னோர், மடையைத் திறந்து மூட நீர்க்கட்டியையும் நியமித்தார்கள். வாட்டம் பார்த்து வாய்க்கால் வெட்டுவது ஒரு வித்தை. எந்த வயலுக்கு எப்பொழுது எவ்வளவு நீர் எனப் பங்கிட்டு, கரை உடைந்தால் இரவோடிரவாக அடைப்பது மற்றொரு வித்தை. வலையமைப்புக்கும் இவ்விரண்டும் வேண்டும். முன்னது வடிவமைப்பு, பின்னது நிர்வாகம்.

இவ்வித்தையை உலகுக்கு அளித்தவர்களில் முக்கியமானவர்கள் மாணாக்கர்கள் என்பதை நம் இளைஞர்கள் மறக்கலாகாது. 1969 அக்டோபர் 29-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையிலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தியை அனுப்பியவர் சார்லி கிளைன் என்ற மாணாக்கர். ‘லாகின்’ என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துக்கள் போய்ச் சேர்ந்ததும் எதிர்முனைக் கணினி நின்றுவிட்டது. குறையைக் கண்டு திருத்தி, சுமார் ஒரு மணி நேரத்தில் மீண்டும் அனுப்பி வெற்றி கண்டார்கள். அவ்வாண்டு ஏப்ரலிலேயே ஸ்டீவ் கிராக்கர் என்ற மற்றொரு மாணாக்கர், வலையமைப்பின் விதிகளைப்பற்றி முதல் குறிப்பை எழுதினார். தாங்கள் மாணாக்கரே என்ற அடக்கத்தால் அதற்கு விதி என்றோ உத்தரவு என்றோ பெயரிடாமல், ‘கருத்துக் கோரும் குறிப்பு’ என்று பெயரிட்டார். இன்றளவும் இணையத்தின் விதிகள் அந்தப் பெயரிலேயே வெளியாகின்றன. இவர்களுடன் மாணாக்கராயிருந்த விண்ட் செர்ப், ராபர்ட் கான் என்பவருடன் சேர்ந்து 1974-ல் வெளியிட்ட திட்டமே இன்றைய இணையத்தின் அஸ்திவாரம்.

நம் தேசத்திலும் வலையமைப்பு கலாசாலைகளிலேதான் வேரூன்றியது. 1986-ல் இந்திய சர்க்காரின் எலெக்ட்ரானிக்ஸ் இலாகா, ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கிற்று. அதில் சேர்ந்த ஸ்தாபனங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுஜனங்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டதோ 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி. ஆக, ஜனங்களுக்கு முன்பே கலாசாலைகள் இவ்வித்தையைக் கைக்கொண்டன.

நிற்க. இன்று இந்தப் பாடம் நடைபெறும் முறையைக் கவனிப்போம். வலையமைப்பின் ஏழு அடுக்குகளையும் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஒப்பிக்கும் பட்டதாரிகள் நம்மிடையே அநேகர். அவர்களில் ஒருவரைச் செயலற்றுக் கிடக்கும் கணினி முன் நிறுத்தி, “குற்றம் கம்பியிலா, விலாசத்திலா, பெயரை எண்ணாக மாற்றும் சர்வரிலா?” என்று கேட்டால் திகைக்கிறார். இது அவருடைய குற்றமன்று. சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்த மாத்திரத்தில் ஒருவன் வக்கீலாகிவிடுவதில்லை. கோர்ட்டில் நின்று, எதிர்க்கட்சியின் கேள்விக்குத் தடுமாறி, மறுநாள் தேறி வந்தவனே வக்கீலாகிறான். வலையமைப்பும் அவ்வாறே. கட்டி, கெடுத்து, திருத்திப் பார்த்தவனுக்கே அது வசமாகும்.

மாணாக்கரை ஐவர் ஐவராகப் பிரித்து, மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றின் படத்தைக் கொடுங்கள். ஓர் இலாகாவுக்கு 60 கணினிகள் என்று சொல்லி, விலாசங்களைப் பங்கிடச் சொல்லுங்கள். 64 விலாசங்கள் கொண்ட தொகுதி போதும் என்பார்கள். அதில் முதலும் கடைசியும் கருவிகளுக்கு ஆகாதவை; மிஞ்சுவது 62. ரௌட்டருக்கு ஒன்று போக 61. “அடுத்த வருஷம் இன்னும் இரண்டு கணினிகள் வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். வருங்காலத்தை நினைத்துத் திட்டமிடுவதே வடிவமைப்பு என்பதை அந்த ஒரு கேள்வி கற்பித்துவிடும். பிறகு, இரண்டு சுவிட்சுகளைப் பாதுகாப்பு ஏதுமின்றி இரண்டு கம்பிகளால் இணைக்கச் சொல்லுங்கள். எல்லோருக்குமென அனுப்பிய ஒரு செய்தி ஓயாமல் சுற்றிப் பெருகி, சில விநாடிகளில் வலையமைப்பு முழுவதும் ஸ்தம்பித்துவிடும். ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-ல் வெளியிட்ட முறை இச்சுழலை எவ்வாறு தடுக்கிறதென்பது அதன்பின் தானே விளங்கும்.

இது விளையாட்டுப் பாடமன்று. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரியின் வலையமைப்பு இத்தகைய சுழலில் அகப்பட்டு வீழ்ந்தது. சுமார் நான்கு நாட்கள் வைத்தியர்கள் காகிதத்தைக் கொண்டே வேலையை நடத்த நேர்ந்தது. அளவுக்கு மீறிச் சங்கிலியாக நீட்டப்பட்ட வடிவமைப்பே அதற்கு மூலகாரணம். 2021 அக்டோபர் 4-ஆம் தேதி பேஸ்புக் கம்பெனியில், வழக்கமான பராமரிப்பு வேலையின்போது இட்ட ஒரு கட்டளை அதன் மூல இணைப்புகள் அனைத்தையும் துண்டித்தது. அத்தகைய தவறான கட்டளையைத் தடுக்க வைத்திருந்த சோதனைக் கருவியிலும் குறை இருந்தது. பழுதுபார்க்க வேண்டிய சாதனங்களும் அதே வலையமைப்பை நம்பியிருந்தபடியால் ஆட்கள் நேரில் செல்ல வேண்டியதாயிற்று. சுமார் ஆறு மணி நேரம் அச்சேவைகள் உலகெங்கும் நின்றன. பொருளுக்கும் அறிவுக்கும் குறைவில்லாத கம்பெனியின் கதி இது. மாறுதல் செய்யுமுன் சோதித்துப் பார். திரும்பி வர வழி வைத்துக்கொள். செய்ததை எழுதி வை என்ற மூன்று விதிகளையும் கைப்பழக்கமாக்குவது கலாசாலையின் கடமை.

கருவிகளுக்குப் பணமில்லை என்று சில நிர்வாகிகள் சொல்லக்கூடும். அச்சமாதானத்தை நாம் ஒப்புக்கொள்ளோம். ஒரே கணினிக்குள் ஒரு வலையமைப்பை முழுவதும் உருவாக்கிக் காட்டும் மினிநெட்டும், ஓடும் பொட்டலங்களைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினியில் லினக்ஸை ஏற்றினால் அதுவே ரௌட்டராகும். மாணாக்கர் கெடுத்துவிடுவார்கள் என்பது மற்றோர் ஆட்சேபம். கெடுக்கட்டும், கலாசாலையின் அலுவல் வலையமைப்புடன் தொடர்பில்லாத தனி வலையமைப்பைக் கொடுத்து, அதில் கெடுக்கட்டும். உபாத்தியாயரே இரகசியமாக ஒரு கம்பியைப் பிடுங்கி வைத்து, காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லட்டும். கண்டுபிடித்தவனுக்கும், கண்ட வழியைத் தெளிவாக எழுதியவனுக்கும் பரீட்சையில் மார்க்கு கொடுக்கட்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. வலையமைப்பை நிர்வகிப்பவன், யார் எதனுடன் தொடர்பு கொள்கிறார் என்பதை அறியக்கூடியவன். பூட்டில்லாத செய்தியாயின் படித்துவிடவும் வல்லவன். ஒருவருடைய இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரமும் அவன் கையில் இருக்கிறது. பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் தபால்காரனை நாம் மன்னிப்போமா? ஜனங்களின் உரிமையைக் காக்கும் தர்மகர்த்தாவாக நடந்துகொள்வதும் இப்பாடத்தின் பகுதியே. அதைச் சொல்லிக்கொடாத கல்வி, கெட்டிக்காரனை உண்டாக்கலாம், நம்பத்தக்கவனை உண்டாக்காது.

சர்வகலாசாலைகளின் பாடத்திட்டக் குழுவினர் இதை ஆலோசிப்பார்களாக. மாணாக்கரும் உத்தரவு வரட்டும் எனக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு பழைய கணினிகளும் ஒரு கம்பியும் போதும், இன்றே தொடங்கலாம். ரேஷன் கடை வாசலில் நிற்கும் அந்தக் கிழவிக்கு ஏழு அடுக்குகளின் பெயரைப்பற்றிக் கவலையில்லை. அவள் வெறுங்கையுடன் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும் கைகள் நமது கலாசாலைகளிலிருந்து வரவேண்டும் என்பதே நாம் கோருவது.