ஆயர் மாறும் மாதங்கள்

காஞ்சி சங்கர மடத்தில் பீடத்தைக் காலியாக விடுவதில்லை. இருக்கிறவர் இருக்கும்போதே அடுத்தவருக்குத் துறவு கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். 1954-ல் ஜெயேந்திரர், 1983-ல் விஜயேந்திரர், 2025 ஏப்ரல் 30 அன்று சத்ய சந்திரசேகரேந்திரர் என எல்லாம் அப்படி வந்தவைதான். அதே ஊரில் உள்ள கிறிஸ்தவ ஆலயங்களில் நடைமுறை வேறு. ஆயருக்கு மாற்றல் வரும், அல்லது ஓய்வு வயது வரும். பிரிவுபசாரம் நடக்கும், சால்வை போர்த்துவார்கள், வீட்டுச் சாமான் லாரியில் ஏறும். அடுத்தவர் வந்து சேரச் சில நாளும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். அதுவரை சபையில் யார் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

முதலில் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை. காஞ்சிபுரம் அதன் சென்னைப் பேராயத்துக்குள் வருகிறது. ஆயரை நியமிப்பதும் மாற்றுவதும் பேராயத்தின் வேலை. சபையார் ஓட்டுப் போட்டு ஆயரைத் தேர்ந்தெடுப்பதில்லை. மாற்றல் உத்தரவு பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டித்தான் வரும். ஆயர் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக வேண்டுமே! ஒருவர் குடியிருப்பைக் காலி செய்தால்தான் இன்னொருவர் வர முடியும் என்பதால், ஓர் ஊரில் ஏற்படும் தாமதம் அடுத்தடுத்து நாலு ஊரை இழுத்துவிடும்.

இடைக்காலத்துக்குப் பக்கத்து ஊர் ஆயர் ஒருவர் பொறுப்பேற்பார். ஞாயிறு ஆராதனை நிற்காது. ஜெபம் நடத்தவும் பிரசங்கம் செய்யவும் உபதேசியாரோ, சபையில் பழக்கமுள்ள மூத்தவர்களோ போதும். திருவிருந்து மட்டும் அப்படி அல்ல. அதை நடத்தக் குருப்பட்டம் பெற்றவர்தான் வர வேண்டும். பொறுப்பு ஆயருக்குத் தன் சபையும் இருப்பதால் அவர் வரும் நாளையும் நேரத்தையும் பார்த்துத்தான் திருவிருந்து வைக்க முடியும். சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டிக்கு ஆயர்தான் தலைவர் என்பதால் கூட்டம் போடவும் அவர் வேண்டும். செயலர், பொருளாளர் பதவிகள் ஆயரோடு சேர்ந்து போவதில்லை.

கத்தோலிக்கர்களுக்கு இது இன்னும் கறாராக எழுதப்பட்டிருக்கிறது. காஞ்சிபுரம் 2002-ல் பிரிந்து உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1983-ன் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, பங்குத்தந்தை இடம் காலியானால், ஆயர் ஒரு நிர்வாகியை நியமிக்கும்வரை உதவிப் பங்குத்தந்தை பொறுப்பைப் பார்ப்பார். (அங்கே ஆயர் என்றால் மறைமாவட்டத் தலைவர், சி.எஸ்.ஐ.யில் அவரைப் பேராயர் என்பார்கள்.) அந்த நிர்வாகி, வரப்போகும் பங்குத்தந்தையின் உரிமைக்கு ஊறு செய்யும் எதையும் செய்யக் கூடாது, வேலை முடிந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். இந்த ஒரு விதியை எல்லாச் சபைகளும் எழுதிச் சுவரில் ஒட்டலாம். ஆயர் இல்லாததால் சபை கெடுவதைவிட, ஆயர் இல்லாத நேரம் பார்த்துப் புது மைக் செட் வாங்குவது, பாடகர் குழுத் தலைவரை மாற்றுவது, நிலத்தைக் குத்தகைக்கு விடுவது போன்ற முடிவுகளால் கெடுவதே அதிகம்.

"எங்களைக் கேட்டா ஆளைப் போடுகிறார்கள்?" என்ற முணுமுணுப்பு ஒவ்வொரு மாற்றலிலும் எழும். இந்தக் கேள்விக்கும் காஞ்சிபுரத்துக்கும் பழைய உறவு உண்டு. ஊரில் ஆண்டர்சன் பெயரில் பள்ளி இருக்கிறதல்லவா? அந்த ஜான் ஆண்டர்சன் 1837-ல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஸ்காட்லாந்து மிஷனரி. அவருடைய தாய்ச்சபையில் போதகரை நியமிக்கும் உரிமை 1712-ன் சட்டப்படி நிலச்சுவான்தார்களிடம் இருந்தது. சபையார் வேண்டாம் என்றால் அந்த நியமனம் செல்லாது என்று 1834-ல் திருச்சபைப் பொதுப்பேரவை விதி செய்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1843 மே 18 அன்று அந்தத் தீர்ப்பை எதிர்த்தவர்கள் எடின்பரோவில் பேரவையிலிருந்து வெளியேறினார்கள். 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளத்தையும் வீட்டையும் விட்டுச் சுதந்திரத் திருச்சபையை அமைத்தார்கள். சென்னையிலிருந்த ஆண்டர்சனும் அவர்கள் பக்கமே போனார். நிலச்சுவான்தார் உரிமை 1874-ல்தான் ஒழிந்தது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. பிறந்தபோது, இந்த ஸ்காட்லாந்து மரபுச் சபைகளும் அதில் இணைந்து, பேராயர் முறையை ஏற்றுக்கொண்டன. சபையார் தேர்வுக்காகப் பிரிந்தவர்களின் வாரிசுகள், பேராயம் அனுப்பும் ஆயரை இன்று வரவேற்கிறார்கள். அதில் தோல்வி எதையும் நான் பார்க்கவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கும் சின்னச் சபையில் தேர்தல் வைத்தால், ஜெயித்தவர் தோற்ற கட்சி வீட்டில் சாவு விழுந்தால் எப்படிப் போய் நிற்பார்? ஆனால் வருகிறவர் யார், எப்போது வருவார் என்று பேராயம் வாய் திறக்காமல் இருப்பதும் சரியில்லை. வதந்தி அந்த மௌனத்தில்தான் வளர்கிறது.

ஆயர் இல்லாத இந்த மாதங்களில் நிஜமாகவே சிக்கிக்கொள்வது கல்யாண வீடு. பட்டுப் புடவை தெருவுக்குத் தெரு கிடைக்கிற ஊரில், கல்யாணத்தை நடத்திவைக்கச் சட்டப்படி தகுதியுள்ளவரைத் தேட வேண்டியதாகிவிடும். 1872-ன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பேராயரிடம் குருப்பட்டம் பெற்றவர், அரசு உரிமம் பெற்ற போதகர், திருமணப் பதிவாளர் எனச் சிலர்தான் அதைச் செய்ய முடியும். உபதேசியார் எவ்வளவு நன்றாக ஜெபித்தாலும், அந்த உரிமம் இல்லாமல் நடத்த முடியாது. விதிவிலக்குகள் சில தவிர, காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் சடங்கு நடக்க வேண்டும். ஆகவே தேதி குறிக்குமுன் பொறுப்பு ஆயரைப் பார்த்து, அவர் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். பத்திரிகை அடிப்பது அப்புறம்.

ஒப்படைப்பும் முக்கியம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள், வங்கிப் புத்தகம், திருவிருந்துப் பாத்திரங்கள், சாவிகள் எல்லாம் பட்டியல் போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு மாற வேண்டும். பாட்டனாரின் ஞானஸ்நானச் சான்று கேட்டு யாராவது வந்து நிற்கும்போதுதான் தொலைந்த பதிவேட்டின் அருமை தெரியும்.

போன ஆயரைக் குடும்பக் காரியங்களுக்குக் கூப்பிட எல்லோருக்கும் ஆசை இருக்கும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், அப்பாவை அடக்கம் செய்தவர். கூப்பிடுங்கள், தப்பில்லை, முதலில் புதிய ஆயரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.