முதலில் வாய்க்கால், பிறகு கன்று

கடல் கரையை அரிக்கிறது என்றால் நம் ஊர்களில் உடனே கல் கொட்டுவார்கள், அல்லது கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு கேட்பார்கள். வீடு விழப்போகும் இடத்தில் அது தேவைதான். ஆனால் தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கட்டினால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை கரையும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதற்கும் ராயபுரம் பக்கம் கடல் நெருங்கியதற்கும் இதுவே காரணம்.

மண், நீர், மரம் ஆகியவை இயல்பாகச் செய்யும் வேலையைக் கொண்டே கரையைக் காப்பது இன்னொரு வழி. அதை மரம் நடும் விழாவாகச் சுருக்கிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். நடவு அதில் கடைசி வேலை. பிச்சாவரத்தில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. 1970கள் வரை அங்கே பகுதி பகுதியாக மரங்களை மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து இறுகித் தாழ்ந்தது. அந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே பள்ளத்துக்குள் வந்த கடல்நீர் திரும்பிப் போகவில்லை. தேங்கிய நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறியது. உப்பைத் தாங்கும் வெண்கண்டல்கூட முளைக்க முடியாத அளவுக்கு ஏறியது. அங்கே எத்தனை கன்று நட்டாலும் சாகத்தான் செய்யும்.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அங்கே வாய்க்கால் வெட்டினார்கள். இயற்கையான ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலத் தெரியும். ஓதம் ஏறும்போது புதுநீர் உள்ளே வருகிறது, இறங்கும்போது தேங்கிய உப்பை இழுத்துக்கொண்டு போகிறது. உப்பு குறைந்த பிறகே வாய்க்கால் ஓரங்களில் கன்று நட்டார்கள். காடு திரும்பியது.

அந்தக் காடு கரையை எப்படிக் காக்கிறது? வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து மேல்நோக்கி நிற்கின்றன. சுரபுன்னையின் தாங்குவேர்கள் வளைந்து ஊன்றியிருக்கின்றன. இவற்றில் மோதும் அலை வேகம் இழக்கிறது. வேகம் இழந்த நீர் வண்டலை அங்கேயே விடுகிறது, தரை மெல்ல உயர்கிறது. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஊரின் உயரமும் கடலிலிருந்து அது இருந்த தூரமுமே பெரிய காரணம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். காட்டை மட்டும் நம்பி ஓர் ஊரைக் கடலை ஒட்டிக் குடிவைக்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன்.

ஜாவாத் தீவின் வடகரையில் டெமாக் பகுதியிலும் முதலில் நிலம், பிறகு மரம் என்ற இதே வரிசைதான். இறால் குட்டைகளுக்காகக் காட்டை அழித்ததும் கடல் உள்ளே வந்தது. மூங்கில் கழிகளை ஊன்றி, இடையே சுள்ளி அடைத்து, கடலுக்குள் வேலி போட்டார்கள். நீர் உள்ளே புகும், அலையின் வேகம் தணியும், சேறு படியும். சேறு உயர்ந்த இடத்தில் அலையாத்தி தானே முளைக்கும். ஆனால் அந்தப் பகுதியில் நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் தரை ஆண்டுதோறும் தாழ்கிறது. சேர்த்த சேறும் அதோடு சேர்ந்து தாழ்கிறது. ஆழ்துளைக் கிணறுகளைக் கட்டுப்படுத்தாமல் வேலி மட்டும் போதாது.

திறந்த மணற்கரைக்கு அலையாத்தி பொருந்தாது. அங்கே காவல் மணல்மேடுதான். அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் மணலைப் பிடித்து அதை வளர்க்கின்றன. மேட்டைச் சமன்படுத்திக் கடல் ஓரம்வரை சவுக்கு நட்டால், மேடும் போகும், பங்குனி ஆமை முட்டையிடும் இடமும் போகும்.

மறுபடி பிச்சாவரத்துக்கு வருவோம். அங்கே வெட்டிய வாய்க்கால் வண்டலால் தூர்ந்துகொண்டே இருக்கும். தூர்வாராவிட்டால் நீர் மறுபடி தேங்கி உப்பு ஏறும். நடவுக்குப் பணம் எளிதில் கிடைக்கிறது, தூர்வாரும் கூலிக்குக் கிடைப்பதில்லை. அந்தக் கூலியைத் திட்டத்தின் முதல் நாளிலேயே கணக்கில் எழுதி, வேலையை அந்த ஊர் மக்களிடமே ஒப்படைக்க வேண்டும்.