தலைச்சனுக்கு வந்த எஸ்டேட்

கெடாவில் பீடோங் பக்கத்துத் தோட்ட லயங்களில் விடியற்காலை நாலரைக்கே விளக்கு எரியும். அம்மாவும் அப்பாவும் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பிய பிறகு எங்கள் வீட்டுக்குப் பெரிய ஆள் பத்து வயது அக்காதான். பால் போத்தலும் மாற்றுத் துணியும் திணித்த பை தோளில், இடுப்பில் நான். அந்த இருட்டில் ஆயாக்கொட்டகைவரை நடந்து என்னை ஆயாவிடம் ஒப்படைத்த பிறகுதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘மூத்தவளே’ என்பார்; அதிலேயே ஒரு வேலை காத்திருக்கும்.

ஆங்கிலத்தில் தலைப்பிள்ளைக்கும் முதல் கன்றுக்கும் ‘ஃபர்ஸ்ட்லிங்’ என்றொரு பழைய சொல் உண்டு. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் ஆடுமாடுகளின் முதல் ஈற்றுக்கு அது பல இடங்களில் வருகிறது. ஷேக்ஸ்பியர் ‘மெக்பெத்’ நாடகத்தில் மனத்தில் முதலில் எழும் எண்ணத்துக்கு அதைச் சொன்னார். இன்று அது பேச்சில் இல்லை. தமிழ் விவிலியத்தில் அதற்கு ஈடு ‘தலையீற்று’. மாடு வளர்த்த தோட்டத்து வீடுகளில் ‘தலையீத்துப் பசு’ என்று சாதாரணமாகச் சொல்வோம். அதே ‘தலை’தான் தலைச்சனிலும் தலைப்பிரசவத்திலும் இருக்கிறது.

பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களுக்கு மூத்த பிள்ளை ‘சூலோங்’. அதன் கடைசி அசை ஒட்டிக்கொண்டு பெரியப்பா ‘பாக் லோங்’ ஆகிறார்.

மூத்த பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. இங்கிலாந்தில் உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போனது. 1925ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை ஒழித்தது. அப்படிக் கைமாறும் நிலபுலனுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘எஸ்டேட்’. 1909இல் பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் வந்த கெடாவில் நம் பாட்டன்மார் காடழித்து ரப்பர் நட்ட இடத்துக்கும் அதே பெயர்தான். ஆனால் இந்த எஸ்டேட்டில் தலைச்சனுக்கு ஒரு பிடி மண்கூட இல்லை. லயம் கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். வீடு நிலைக்க வேண்டுமென்றால் பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிய வேண்டும். அந்தப் பெயர் பெரும்பாலும் மூத்த பிள்ளையுடையதாகவே இருந்தது.

அக்கா ஆறாம் வகுப்போடு நின்றாள். அம்மாவின் நிரையில் பால் மங்கு துடைத்தாள், ஒட்டுப்பால் உரித்தாள், பிறகு தானே பால்மரம் வெட்டினாள். பினாங்கில் 1972இல் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் தொடங்கிய பின், பிறையிலும் தொழிற்சாலைகள் பெருகின. பதினெட்டு வயதில் அவள் பிறைக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினாள். முதல் சம்பளத்தில் எனக்கு வெள்ளைக் காலணி வந்தது. அது அழுக்கானால் வெள்ளை பூசி, இரவே அடுப்போரம் காயவைப்பாள். அவளுக்கென்று அந்த மாதம் எதுவும் வாங்கவில்லை.

நல்ல இடமொன்று கூடி வந்தது. மாப்பிள்ளையும் தலைச்சன் என்று தெரிந்ததும் ‘தலைச்சனுக்குத் தலைச்சன் ஆகாது’ என்று பெரியவர்கள் கலைத்துவிட்டார்கள். அடுத்த வரன் அமைய நான்கு ஆண்டுகள் ஆயின. ‘மூத்தது மோழை, இளையது காளை’ என்று ஒரு பழமொழி சொல்கிறோம். மூத்தது ஏன் சோர்ந்து நிற்கிறது என்று இளையதுகள் நாம் கேட்டதுண்டா?

இன்று அந்த நிரைகளில் ரப்பர் இல்லை. செம்பனையும் தாமான் வீடுகளும்தான். அங்கே ஒன்றிரண்டு பிள்ளைகளோடு குடும்பம் நிற்கிறது. தலைச்சனே கடைக்குட்டியாகவும் இருக்கும் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேலை குறைவு. நாளை அதுவும் ‘ஃபர்ஸ்ட்லிங்’ போல அகராதிக்குள் போகலாம். அதற்குள் வீட்டு மூத்ததுகளிடம் உட்கார்ந்து, அவர்கள் விட்டுக்கொடுத்தது என்னவென்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். தோட்டத்து வரலாற்றின் பாதி அவர்களிடம் இருக்கிறது.

அம்மா இறந்தபோது பங்கு பிரிக்க ஒன்றும் இல்லை. பரண்மேல் தேய்ந்துபோன பால்வெட்டுக் கத்தி ஒன்று கிடைத்தது. அக்கா அதைத் துடைத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். நாங்கள் யாரும் பங்கு கேட்கவில்லை.