பரணில் தூங்கும் லினக்ஸ்

கொடைக்கானல் மலைச்சாலையிலிருந்து பிரிந்து பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் போனால் வழியெல்லாம் காப்பித் தோட்டம், ஊடே மிளகும் மலைவாழையும். இந்த மலையூர்களின் பிள்ளைகளுக்கும் அரசின் இலவச லேப்டாப் கிடைத்தது. திட்டம் தொடங்கிய நாள் 2011 செப்டம்பர் 15. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு இன்னொரு இயங்குதளமும் இருந்தது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? அதன் பெயர் பாஸ் லினக்ஸ். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்டது. மெனுக்களைத் தமிழிலேயே காட்டும். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, தன் துறைகளையும் பாஸுக்கு மாறச் சொன்னது தமிழக அரசு.

இலவசம், தமிழும் தெரியும். ஆனாலும் வீடுகளில் அது வேரூன்றவில்லை. பழி மென்பொருள் மேல் இல்லை என்பது என் கட்சி. பெட்டியைக் கொடுத்தோம், முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கொடுக்கவில்லை. புதியவர் லினக்ஸை மூடிவைப்பது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான், அதுவும் அற்பக் காரணங்களுக்காக.

முதல் திகைப்பு, ‘சி டிரைவ்’ எங்கே என்பது. அப்படி ஒன்று கிடையாது. எல்லாக் கோப்புகளும் ஒரே மரத்தில் இருக்கும். அதன் வேருக்கு அடையாளம் ஒரு சாய்கோடு. பென் டிரைவைச் செருகினால் அதுவும் ஒரு கிளையாக ஒட்டிக்கொள்ளும். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸின் வழக்கம் இது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் (கெர்னல்) இதையே பின்பற்றியது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் அந்தக் கருதான்.

அடுத்தது பாஸ்வேர்டு. டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ‘சூடோ’ கொடுத்தால் பாஸ்வேர்டு கேட்கும். தட்டினால் பல தொகுப்புகளில் ஒரு புள்ளிகூடத் திரையில் விழாது. கீபோர்டு போய்விட்டதென்று பலர் அங்கேயே எழுந்துவிடுகிறார்கள்! எட்டிப் பார்ப்பவருக்கு எத்தனை எழுத்து என்பதுகூடத் தெரியக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கண்ணை மூடிக்கொண்டு தட்டி என்டரை அழுத்துங்கள்.

ஏன் பாஸ்வேர்டு கேட்கிறது? ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில் வளர்ந்தது யூனிக்ஸ். அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. படிக்க, எழுத, இயக்க யாருக்கு அனுமதி என்ற குறிப்பும் உண்டு. சாதாரணப் பயனர் தன் கோப்புகளைக் கெடுத்துக்கொள்ளலாம், இயங்குதளத்தின் மேல் கைவைக்க முடியாது. கைவைக்க வேண்டுமானால் கொஞ்ச நேரத்துக்கு நிர்வாகி ஆக வேண்டும். சூடோ செய்வது அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டவருக்குப் பாதி பயம் போய்விடும்.

மென்பொருளுக்காகக் கண்ட தளங்களில் அலைய வேண்டாம். தொகுப்பை வெளியிடுவோரே சரிபார்த்துக் கையொப்பமிட்டு வைத்திருக்கும் களஞ்சியத்திலிருந்து நிறுவலாம். டவர் சரியாக எடுக்காத மலையூரென்றால், டெபியனின் டிவிடி கோப்பைக் கீழே ஊரிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்தால் போதும், அன்றாடத் தேவைக்கானது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். தமிழ்99 விசைப்பலகையும் காசில்லாமல் கிடைக்கும்.

எல்லோரும் மாறியாக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கடைக் கணக்கு டாலியிலும் வேலை ஃபோட்டோஷாப்பிலும் என்றால் விண்டோஸிலேயே இருங்கள். அறிவியல் படிக்க நினைக்கும் பிள்ளைக்குக் கதை வேறு. நான் சொன்ன மலையூர்களின் அதே மலையின் உச்சியில் 1899இல் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. அந்த வானியல் துறைக்குப் போக ஆசைப்பட்டால் லினக்ஸ் பழக்கம் கைகொடுக்கும்: உலகெங்கும் வானியலாளர்கள் பல்லாண்டு கையாண்ட ஐராஃப் மென்பொருள் யூனிக்ஸ் வகைக் கணினிகளை நம்பி எழுதப்பட்டதே.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. பழைய லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போடுமுன் கோப்புகளுக்கு நகல் எடுத்துவிட்டு, டெபியனின் ‘லைவ்’ வடிவத்தைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே இயங்கும். நினைவகம் 2 ஜிபிதான் என்றால் எல்எக்ஸ்கியூடி போன்ற எளிய முகப்பைத் தேர்ந்தெடுங்கள். கட்டளைகள் கற்க, து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் குனு/லினக்ஸ்’ கணியம் இணையதளம் வழியே இலவசமாகக் கிடைக்கிறது. லினக்ஸ் தெரிந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஊருக்குப் போகும்போது ஒரு பிள்ளைக்காவது அந்த முதல் வாரத்தைக் கொடுங்கள்.