தவிட்டுச் சத்தும் மூளையின் நலமும்

உணவு உடலுக்கு வலிமை தருவது என்பதை யாவரும் அறிவர். அவ்வுணவே மூளைக்கும் நரம்புகளுக்கும் ஆதாரமாவது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வளர்ந்த ஒருவரின் மூளை அவரது உடல் நிறையில் ஏறக்குறைய 2 சதவீதமே. ஆயினும், ஓய்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது பெற்றுக்கொள்கின்றது. சோறு முதலிய மாப்பொருளுணவுகள் சமித்து உண்டாகும் குளுக்கோசு என்னும் வெல்லமே அதன் முக்கிய எரிபொருளாகும்.

விறகு இருந்தாலும் தீ மூட்டாவிடின் அடுப்பு எரியாது. அதுபோலக் குளுக்கோசு சக்தியாக மாறுவதற்குத் தயமின் எனப்படும் விற்றமின் பி 1 இன்றியமையாதது. இது குறையுமிடத்துக் களைப்பு, பசியின்மை, எளிதிற் சினங்கொள்ளல், மறதி ஆகியன தோன்றலாம். குறைபாடு முற்றினால் கைகால்கள் வலுவிழக்கும் பெரிபெரி நோய் உண்டாகும்.

நெல்லில் இச்சத்து பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலுமே உள்ளது. அரிசியை வெள்ளைவெளேரெனத் தீட்டும்போது சத்தும் தவிட்டுடன் நீங்கிவிடுகின்றது. 1890களில் யாவாத் தீவில் ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய அரிசிச்சோறு உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசியை உண்டபின் அவை குணமடைவதையும் கண்டார். விற்றமின்களைப் பற்றிய அறிவுக்கு வழிகோலிய இவ்வாராய்ச்சிக்காக 1929ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

நம் முன்னோர் கையாண்ட புழுங்கல் முறை இவ்விழப்பைப் பெரிதும் குறைக்கின்றது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உட்புறத்தே சென்று தங்குகின்றது. ஆகவே, பின்னர் தீட்டினாலும் அது முற்றாக நீங்குவதில்லை. அவ்வாறிருக்க, கமக்காரருள் சிலர் தாம் விளைவித்த நெல்லை முழுவதும் விற்றுவிட்டுத் தீட்டிய பச்சையரிசியைக் கடையில் வாங்கி உண்பது வருந்தத்தக்கது.

விளைச்சல் பொய்த்தபோதும் கடன் நெருக்கும்போதும் உண்டாகும் மனக்கவலையை உணவு மட்டும் தீர்த்துவிடாது. ஆயினும், போதிய ஊட்டமில்லாத மூளைக்கு அக்கவலையைத் தாங்குவது இன்னும் கடினமாகும். அவ்வேளையில் சிலர் சோற்றைக் குறைத்துச் சாராயத்தை நாடுவர். மதுவோ தயமின் உடலிற் சேர்வதைத் தடுக்கும். நெடுங்காலம் மிகுதியாகக் குடிப்போருக்கு நினைவாற்றலும் கெடக்கூடும்.

ஆகையால் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

1. வீட்டுத் தேவைக்குரிய நெல்லைப் புழுக்கி, இயன்றவரை குறைவாகத் தீட்டுவியுங்கள்.

2. தயமின் நீரிற் கரையும். ஆதலால், கல், தூசி போக அரிசியை அளவாகக் கழுவுங்கள்; பலமுறை தேய்த்துக் கழுவ வேண்டாம்.

3. வடித்த கஞ்சியை வீசிவிடாது அருந்துங்கள்.

4. சோற்றுடன் பயறு, கௌபி, நிலக்கடலை ஆகியவற்றுள் ஒன்றையேனும் நாள்தோறும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றிலும் தயமின் உண்டு.

5. சோர்வோ மனக்கலக்கமோ நீடிக்குமாயின் வைத்தியரிடம் செல்லத் தயங்காதீர்கள்.

அறுவடை முடிந்து நெல்லைச் சந்தைக்கு அனுப்புமுன், வீட்டுக்குரிய மூடைகளை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஊருக்கு உணவளிப்பவரின் குடும்பம் ஊட்டம் குன்றி வாடலாகாது.