ஓர் ஆய்வகமும் பல வழிகளும்

நுழையும்முன்

ஆய்வகம் என்றதும் கருவிகளும் கண்டுபிடிப்புகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அங்குப் பயின்று வெளியேறிய மாணவர்கள் பின்னாளில் என்ன ஆயினர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பழ ஈயைக் கொண்டு மூளையின் செயல்களை ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வகத்தின் முன்னாள் மாணவர்கள் சென்ற வழிகளை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. உயர்கல்வியின் வாயிலில் நிற்கும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் அவ்வழிகளில் உள்ளன.

இயற்பியலிலிருந்து நரம்பியலுக்கு

சீமோர் பென்சர் (1921–2007) நியூயார்க் நகரில் பிறந்தவர். பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1947ஆம் ஆண்டு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். ஜெர்மேனியம் என்னும் குறைக்கடத்தியை ஆராய்ந்த அவர், பின்னர் உயிரியலின்பால் ஈர்க்கப்பட்டார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரசுகளைக் கொண்டு, ஒரு மரபணுவின் உள்ளமைப்பை நுட்பமாக வரைந்து காட்டிப் புகழ் பெற்றார். அத்துறையிலேயே நிலைத்திருக்கப் போதிய புகழ் கைவரப்பெற்ற பின்னும், 1960களில் மீண்டும் புதிய துறை ஒன்றை நாடினார். ஒரே பெற்றோருக்குப் பிறந்த தம் இரு மகள்களும் வெவ்வேறு இயல்பினராக விளங்கியது அவரைச் சிந்திக்க வைத்தது. உடலின் நிறத்தையும் வடிவத்தையும் போலவே நடத்தையையும் மரபணுக்கள் வழிநடத்துகின்றனவா என்பதே அவர் எழுப்பிய வினா.

இவ்வினாவுக்கு விடை காண அவர் தேர்ந்துகொண்ட உயிரி, வாழைப்பழத்தை மொய்க்கும் சிறிய பழ ஈ. முட்டை முதிர்ந்த ஈயாவதற்கு ஏறத்தாழப் பத்து நாள்களே ஆகும். பாலுக்குப் பயன்படுவது போன்ற ஒரு புட்டிக்குள் நூற்றுக்கணக்கான ஈக்களை வளர்க்கலாம். சிறிய மூளையுடையதாயினும் அது ஒளியை நாடும்; மணத்தை அறியும்; துணையைத் தேடும்; பட்டறிவால் கற்கவும் செய்யும். கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் பென்சர் மேற்கொண்ட ஆய்வு 1967இல் வெளிவந்தது. சோதனைக் குழாய்களை வரிசையாக எதிரெதிரே பொருத்தி, ஒளியை நோக்கி விரையும் ஈக்களையும் விரையாத ஈக்களையும் அவர் பிரித்தெடுத்தார். வேதிப்பொருளால் சடுதிமாற்றம் அடையச் செய்த ஈக்களுள் இயல்புக்கு மாறாக நடப்பவற்றைத் தேடிப் பிடிப்பதே அவர் வகுத்த முறை. எளிய கருவி, தெளிவான வினா, சலியாத தேடல் ஆகிய மூன்றுமே அவ்வாய்வகத்தின் முதலீடு. அவரிடம் பயின்றோர் எடுத்துச்சென்ற செல்வமும் அதுவே.

கடிகாரத்தைத் தேடிய மாணவர்

ரொனால்ட் கொனோப்கா பென்சரிடம் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டவர். பழ ஈக்கள் கூட்டுப்புழுப் பருவத்திலிருந்து பெரும்பாலும் விடியற்காலையில் வெளிவருகின்றன. இருளில் வைத்தாலும் இந்த ஒழுங்கு தொடர்கிறது. எனவே, ஈயின் உடலுக்குள் ஒரு கடிகாரம் இயங்கவேண்டும். அக்கடிகாரத்தை ஒரு மரபணுவின் வழியே அறிய முடியும் என அன்று நம்பியோர் சிலரே. கொனோப்கா வேளை தவறி வெளிவரும் ஈக்களைத் தேடினார். மூவகையான சடுதிமாற்ற ஈக்களைக் கண்டார். ஒன்றின் நாள் 19 மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. மற்றொன்றின் நாள் 28 மணி நேரமாக நீண்டிருந்தது. மூன்றாவதற்கு நாள் என்னும் ஒழுங்கே இல்லை. இம்மூன்று மாற்றங்களும் ஒரே மரபணுவில் நிகழ்ந்தவை என்பது வியப்புக்குரிய முடிவு. 1971இல் ஆசிரியரும் மாணவரும் இணைந்து இதனை வெளியிட்டனர். அம்மரபணு ‘பீரியட்’ எனப் பெயர் பெற்றது.

நினைவை ஆராய்ந்தோர்

ஈக்கு இரண்டு மணங்களைக் காட்டி, அவற்றுள் ஒன்றை முகரும்போது மட்டும் மெல்லிய மின்னதிர்ச்சி தந்தால், பின்னர் அம்மணத்தை அது விலக்கும். இச்சோதனையை வில்லியம் குவின், வில்லியம் ஹாரிஸ் ஆகியோர் பென்சருடன் இணைந்து 1974இல் வெளியிட்டனர். கற்க இயலாத முதல் ஈவகையை 1976இல் அவ்வாய்வகம் அறிவித்தது. ‘மந்தன்’ என்னும் பொருளில் அதற்கு ‘டன்ஸ்’ என்று பெயரிட்டனர். செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்னும் மூலக்கூற்றைச் சிதைக்கும் நொதியிலேயே அதன் குறை இருந்தது எனப் பின்னர்த் தெரியவந்தது. கடல் நத்தையை ஆராய்ந்த எரிக் கேண்டல் குழுவினரும் நினைவின் அடிப்படையில் இதே மூலக்கூற்றைக் கண்டனர். தொலைவில் நிற்கும் இரு உயிரிகள் ஒரே உண்மையைச் சொன்னபோது அதன் வலிமை கூடியது.

இக்குழுவினர் சென்ற வழிகள் வெவ்வேறானவை. குவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும், பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலும் தம் ஆய்வைத் தொடர்ந்தார். ‘டன்ஸ்’ ஆய்வில் பங்கேற்ற யாதின் துதாய் இசுரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் நினைவாற்றல் ஆய்வை வளர்த்தார். ஹாரிஸ் கண்ணும் மூளையும் உருவாகும் முறையை ஆராய்ந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். குவினிடம் பயின்ற டிம் டல்லி, நினைவாற்றலுக்கு மருந்து தேடும் நிறுவனம் ஒன்றைத் தொடங்குவதில் பங்கேற்றார். ஈயின் மணச் சோதனையில் தோன்றிய அறிவு, மூன்றாம் தலைமுறையில் மருந்துத் தொழிலின் வாயிலை எட்டியது.

நடுங்கிய கால்களும் நரம்பின் வாயில்களும்

தைவானிலிருந்து இயற்பியல் பயில 1968இல் கலிபோர்னியா வந்தவர்கள் லில்லி ஜான், யூ நங் ஜான் ஆகியோர். அங்கே உயிரியலுக்கு மாறிய இவ்விணையர், முனைவர் பட்டத்துக்குப் பின் பென்சரின் ஆய்வகத்தில் சேர்ந்தனர். ஈதர் மயக்கத்தில் கால்கள் நடுங்கும் ‘ஷேக்கர்’ என்னும் ஈவகையை ஆராயத் தொடங்கினர். நரம்புச் செல்லின் சவ்வில் பொட்டாசிய அயனிகள் வெளியேறும் வாயில்கள் உண்டு. அவை உரிய நேரத்தில் திறந்தால்தான் நரம்பின் மின்துடிப்பு அடங்கும். ‘ஷேக்கர்’ ஈயின் குறை அவ்வாயிலில் இருந்தது. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியேற்ற இருவரும், 1987இல் அம்மரபணுவைப் பிரித்தெடுத்தனர். வேறு குழுக்களும் ஏறத்தாழ அதே வேளையில் இதனை எட்டின. பொட்டாசிய வாயில் ஒன்றின் மரபணு மனிதர் கைக்கு வந்தது அதுவே முதன்முறை. பென்சரின் ஆய்வகத்தில் எடுத்துக்கொண்ட வினாவை ஏறத்தாழப் பத்தாண்டுகள் விடாது பற்றியிருந்ததன் பயன் அது. கணவனும் மனைவியும் ஒரே ஆய்வகத்தை இணைந்து நடத்தி, பல இளம் ஆய்வாளர்களை உருவாக்கினர்.

தாயகம் திரும்பியோர்

ஜப்பானைச் சேர்ந்த யோஷிகி ஹோட்டா, உடலின் ஒரு பகுதி ஆணாகவும் மறுபகுதி பெண்ணாகவும் அமைந்த கலப்பு ஈக்களைக் கொண்டு, நடத்தைக் குறையின் பிறப்பிடம் கண்ணா, மூளையா, தசையா எனக் கண்டறியும் முறையைப் பென்சருடன் 1972இல் வெளியிட்டார். டோக்கியோ பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி அங்கு இத்துறையை வேரூன்றச் செய்தார். பின்னாளில் ஜப்பானின் தேசிய மரபியல் நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார்.

இந்தியாவின் ஒபைத் சித்திகி (1932–2013) பென்சரிடம் மாணவராகச் சென்றவரல்லர். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தொடங்கிய பின், 1970களில் அவ்வாய்வகத்தில் இணைந்து பணியாற்றினார். வெப்பம் கூடியதும் செயலிழந்து விழுந்து, குளிர்ந்ததும் மீண்டும் எழும் ஈக்களின் நரம்புகளை இருவரும் ஆராய்ந்து 1976இல் வெளியிட்டனர். தாயகத்தில் அவர் ஈயின் சுவை, மண உணர்வுகளை ஆராய்ந்தார். கென்யாவில் பிறந்து டப்ளின் நகரில் பயின்ற வெரோனிகா ரோட்ரிக்ஸ், அவர் ஆய்வால் ஈர்க்கப்பட்டு மும்பைக்கு வந்து மாணவரானார். மணத்தை உணர இயலாத ஈக்களைக் கண்டறிந்தார். பின்னர் அந்நிறுவனத்திலேயே ஆய்வுக்குழுவை வழிநடத்தினார். 1990களின் தொடக்கத்தில் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் உருவாகச் சித்திகியே காரணமாக விளங்கினார். மாணவர் வெளிநாடு செல்வதையே நாம் அறிவோம். நல்ல ஆய்வகம் அமைந்தால் மாணவர் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வருவர் என்பதற்கு ரோட்ரிக்ஸ் சான்று.

தில்லியிலும் கான்பூரிலும் பயின்ற உத்பல் பானர்ஜி, பென்சரின் ஆய்வகத்தில் ஈயின் கண்ணை ஆராய்ந்தார். கண்ணின் ஒவ்வோர் அலகிலும் எட்டு ஒளியுணர் செல்கள் உண்டு. அவற்றுள் ஏழாவது செல் தோன்றாத ஈக்குக் காரணமான மரபணுவை 1987இல் குழுவினருடன் விளக்கினார். லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான அவர், இளங்கலை மாணவர்களையே உண்மையான ஆராய்ச்சியில் ஈடுபடுத்தும் பாடமுறையை அமைத்தார்.

பரிசும் பணியும்

கொனோப்காவின் கண்டுபிடிப்பு என்னவாயிற்று? 1971இல் பென்சரிடம் வந்து சேர்ந்த ஜெஃப்ரி ஹால், 1974இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அங்கு மைக்கேல் ரோஸ்பாஷுடன் இணைந்து 1984இல் ‘பீரியட்’ மரபணுவைப் பிரித்தெடுத்தார். ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் யங் அதே ஆண்டில் தனியே அதனைச் செய்தார். அம்மரபணு உண்டாக்கும் புரதம் இரவில் பெருகி, தன்னை உருவாக்கும் மரபணுவையே அடக்குகிறது, பகலில் சிதைகிறது. இச்சுழற்சியே உயிர்க்கடிகாரத்தின் அடிப்படை. இம்மூவருக்கும் 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கொனோப்கா அப்பரிசைக் காணவில்லை. 2015இல் அவர் மறைந்தார். அதற்கு நெடுங்காலம் முன்னரே அவர் ஆராய்ச்சியுலகை விட்டு விலகியிருந்தார். பேராசிரியர் பணியில் சேர்ந்தும், இரண்டு நிறுவனங்களில் அவருக்கு நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. அவர் வெளியிட்ட கட்டுரைகள் எண்ணிக்கையில் குறைவு. எனினும், அவற்றுள் ஒன்று ஒரு துறையையே தோற்றுவித்தது. எண்ணிக்கையை அளக்கும் கோலுக்கு ஆழத்தை அளக்கத் தெரிவதில்லை. இது ஒரு மனிதரின் இழப்பு மட்டுமன்று; அவர் இன்னும் என்னென்ன வினாக்களை எழுப்பியிருப்பார் என்பதை அறிய இயலாத அறிவியலின் இழப்புமாகும்.

பரிசு பெற்ற ஹாலின் வழியும் நேரானதன்று. ஆராய்ச்சிக்கு நிதி பெறுவதிலுள்ள இடர்ப்பாட்டையும், பெயர் பெற்றோரையே நிதி நாடும் போக்கையும் வெளிப்படையாகக் கண்டித்த அவர், ஈ ஆய்வைக் கைவிட்டு, மெய்ன் மாநிலத்தின் ஊர்ப்புறத்தில் குடியேறினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் வரலாற்றிலும் தேர்ந்தவர் அவர். கெட்டிஸ்பர்க் போரைப் பற்றி நூல் எழுதியுள்ளார். நோபல் அறிவிப்பு வந்தபோது அவர் ஆய்வகம் ஏதும் நடத்தவில்லை.

> தெரிந்து தெளிவோம்
>
> நோபல் பரிசின் ஒரு பிரிவை ஓராண்டில் மூவருக்கு மேல் பகிர்ந்தளிப்பதில்லை. 1974 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, மறைந்தவருக்குப் பரிசு அறிவிப்பதில்லை. அறிவிப்புக்குப் பின் ஒருவர் மறைந்தால் மட்டும் பரிசு அவருக்கே உரியது. உல்ஃப் பரிசும் (1991) கிராஃபோர்டு பரிசும் (1993) பெற்ற சீமோர் பென்சர், நோபல் பரிசு பெற்றவரல்லர்.

வழிகள் உணர்த்துவன

ஒரே ஆய்வகத்தில், ஒரே வகை ஈக்களைக் கொண்டு பயின்றோர் இவர்கள். ஒருவர் பேராசிரியர், ஒருவர் தேசிய நிறுவனத்தின் தலைவர், ஒருவர் கல்விமுறையைச் சீரமைத்தவர், ஒருவர் பரிசு பெற்றும் துறையைத் துறந்தவர், ஒருவர் துறையைத் தோற்றுவித்தும் பணி இழந்தவர். இவர்களது வேறுபாட்டுக்கு அறிவுக்கூர்மை மட்டுமே காரணமன்று. நிதி, நிறுவனம், நெறியாளர், காலம், உடன் பணியாற்றுவோர் எனப் பலவும் ஒருவரின் வழியைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, பதவியைக் கொண்டோ பரிசைக் கொண்டோ ஒருவரின் அறிவுப்பணியை அளவிடுவது பொருந்தாது.

இவர்களுள் பலர் தாம் தொடங்கிய துறையிலேயே தங்கியவரல்லர் என்பதும் நோக்கத்தக்கது. பென்சரும் ஜான் இணையரும் இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்தனர். முன்னர்க் கற்ற கல்வி அவர்களுக்கு வீணாகவில்லை; அளந்து பார்க்கும் பழக்கமாகவும், வினாவைக் கூர்மையாக்கும் திறனாகவும் உடன் வந்தது. பதினெட்டாம் அகவையில் தேர்ந்தெடுக்கும் பாடம் வாழ்நாள் முழுமைக்குமான வேலி ஆகாது.

ஆலமரத்தின் அகலத்தை அதன் அடிமரத்தைக் கொண்டு மட்டும் அறிய முடியாது. விழுதுகளையும் சேர்த்தே காணவேண்டும். ஓர் ஆய்வகத்தின் பெருமையையும் அவ்வாறே காணவேண்டும். அவ்விழுதுகளுள் நிலத்தைத் தொடாமல் போனதையும் மறவாது எண்ணுவதே நேர்மையான கணக்கு. இன்று உறக்கக் கோளாறுகளையும், இரவுப்பணி செய்வோரின் உடல்நலத்தையும் ஆராய்வோர், வேளை தவறி வெளிவந்த ஈக்களைப் பொறுமையோடு எண்ணிய மாணவர் ஒருவரின் உழைப்பின் மேல் நின்றே தம் பணியைத் தொடர்கின்றனர்.

கற்பவை கற்றபின்...

1. கொனோப்கா, ஹால் ஆகியோரின் வாழ்க்கை வழிகளை ஒப்பிட்டு, ‘பரிசும் பங்களிப்பும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. உங்கள் பள்ளியில் பயின்ற முன்னாள் மாணவர் மூவரைச் சந்தித்து, அவர்கள் பள்ளியில் தேர்ந்த பாடத்தையும் இன்று செய்யும் பணியையும் கேட்டறிந்து தொகுத்து எழுதுக.
3. வீட்டிலோ தோட்டத்திலோ காணும் ஓர் உயிரியின் நடத்தையை ஒரு வாரம் உற்றுநோக்கி, விடை காணத் தகுந்த வினாக்கள் ஐந்தை உருவாக்குக.