சிக்கிம் லார்ச்

சிக்கிம் லார்ச் (லாரிக்ஸ் கிரிஃபித்தி) என்பது கிழக்கு இமயமலையில் வளரும் ஓர் ஊசியிலை மரம் ஆகும். பைன், தேவதாரு ஆகியவற்றைப் போல இதுவும் பைனேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும். லார்ச் மரமோ ஒவ்வொரு குளிர்காலத்திலும் எல்லா இலைகளையும் உதிர்த்துவிடும்.

பெயரும் வாழிடமும்

1832-ஆம் ஆண்டில் உதவி மருத்துவராகச் சென்னைக்கு வந்த தாவரவியலாளர் வில்லியம் கிரிஃபித்தின் பெயரே இம்மரத்தின் அறிவியல் பெயரில் உள்ளது. கிழக்கு நேபாளம், சிக்கிம், பூட்டான், அருணாச்சலப் பிரதேசம் ஆகிய இடங்களில் சுமார் 3,000 முதல் 4,000 மீட்டர் உயரத்தில் இது வளர்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியின் உயரமே 2,695 மீட்டர்தான். எனவே தமிழகத்து மலைக்காடுகளில் இம்மரத்தைக் காண முடியாது.

தோற்றம்

இம்மரம் சுமார் 20 மீட்டர் உயரம் வளரும். இதன் சிறுகிளைகள் கீழ்நோக்கித் தொங்கும். மெல்லிய, மென்மையான ஊசியிலைகள் குறுங்கிளைகளின் நுனியில் கொத்துக் கொத்தாக இருக்கும். இதற்குப் பூவும் கனியும் இல்லை. விதைகள் கூம்புகளின் செதில்களுக்கு இடையே உருவாகின்றன. கூம்புகள் கிளையில் நிமிர்ந்து நிற்கும். விதைகளுக்கு மெல்லிய சிறகு இருப்பதால் அவை காற்றில் பரவுகின்றன.

இலை உதிர்வது ஏன்?

இதன் காரணத்தை விருதுநகர் மாவட்டத்து மரம் ஒன்றைக் கொண்டு எளிதில் அறியலாம். சிவகாசிப் பகுதியில் தீக்குச்சி செய்யப் பயன்படும் மரங்களுள் ஒன்று பெருமரம். வடகிழக்குப் பருவமழை முடிந்து சில மாதங்களில் மண் வறண்டுவிடும். இலைகளின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருந்தால் மரம் தாங்காது. ஆகவே பெருமரம் இலைகளை உதிர்த்து நீரைச் சேமிக்கிறது.

லார்ச் மரத்திற்கும் இதே சிக்கல் உண்டு. ஆனால் அங்கே காரணம் வெயில் அல்ல, பனி. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்துவிடுவதால் வேர்களால் அதை உறிஞ்ச முடிவதில்லை. சுற்றிலும் பனி குவிந்திருந்தாலும் மரத்திற்கு அது வறட்சிக் காலமே. பைன் போன்ற பசுமைமாறா மரங்கள் மெழுகு பூசிய தடித்த இலைகளால் நீரிழப்பைக் குறைக்கின்றன. லார்ச் இலைகளோ மெல்லியவை. குறுகிய கோடையில் விரைவாக உணவு தயாரித்துவிட்டு உதிர்ந்துவிடுபவை. இலையற்ற கிளைகளில் பனி அதிகம் தங்காது என்பதால் கிளைகள் முறிவதும் குறைகிறது.

உதிர்வதற்கு முன் இலைகளிலுள்ள பச்சையம் சிதைகிறது. நைட்ரஜன் போன்ற சத்துகளின் பெரும்பகுதியை மரம் தனக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அப்போது ஏற்கெனவே இலையில் இருந்த மஞ்சள் நிறமிகள் வெளித் தெரிவதால் மலைச்சரிவே பொன்னிறமாகத் தோன்றும். வசந்தத்தில் புதிய இலைகள் துளிர்க்கும்.

பிற இனங்கள்

உலகில் ஏறத்தாழ பத்து லார்ச் இனங்கள் உள்ளன. கடுங்குளிர் நிலவும் சைபீரியாவின் பரந்த காடுகளில் லார்ச் மரங்களே மிகுதி.

பட்ட மரமா, உயிருள்ள மரமா?

இலையில்லாத மரத்தைப் பட்டுப்போனதாகக் கருதி வெட்டிவிடுவது உண்டு. இளங்கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உண்மை தெரியும். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. ஒரு கிளை காய்ந்திருந்தாலும் வேறு சில கிளைகளையும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். இமயமலை லார்ச்சுக்கும் கரிசல் காட்டுப் பெருமரத்துக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.